இன்ஜின் கட்டிய காரில் இழுவை இல்லை, ஆயிலும் ஒழுகுகிறது: மறுபடி பிரிப்பதற்கு முன் எங்கிருந்து தேடுவது?

கம்பம், கூடலூர் பக்கம் இன்ஜின் இறக்கிக் கட்டின வண்டியைத் தேனி வரை ஓட்டிக் காட்டி, "பாத்தீங்களா, அலுங்காமப் போகுது" என்று சாவியைக் கையில் கொடுத்தால் நான் முழுசாக நம்ப மாட்டேன். அது சமதளம். லோயர் கேம்ப் தாண்டி, முன்னால் ஒரு லாரி உருண்டுகொண்டிருக்க, வளைவில் இரண்டாம் கியருக்கு இறக்கி மிதிக்கும்போதுதான் கட்டின வேலையின் லட்சணம் தெரியும். வண்டி இழுக்காது. குமுளி செக்போஸ்ட் பக்கம் ஓரங்கட்டிக் குனிந்து பார்த்தால் அடியில் ஆயில் சொட்டு.

உடனே எல்லோரும் செய்வது இதை இரண்டு வேலையாகப் பிரிப்பதுதான். ஆயிலுக்கு சீல் மாற்று, இழுவைக்குக் கார்பரேட்டரைக் கழற்று. நான் சொல்ல வருவது, இன்ஜின் கட்டின வண்டியில் இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் முதலில் இரண்டுக்கும் ஒரே காரணம் இருக்குமா என்று பாருங்கள். பிஸ்டனைக் கீழே தள்ள வேண்டிய வாயு அதைச் சுற்றியிருக்கும் ரிங்கைத் தாண்டி கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றவைக்கும் அடித்தண்டு) பக்கம் இறங்கினால் இழுவை அங்கேயே போய்விடும்; இறங்கின வாயு வெளியே போக வழி தேடி, சீல், கேஸ்கெட், டிப்ஸ்டிக் ஓட்டை என்று எது பலவீனமோ அதன் வழியாக ஆயிலையும் சேர்த்துத் தள்ளும். அந்த நிலைமையில் நீங்கள் எத்தனை சீல் மாற்றினாலும் புது சீலும் ஒழுகத்தான் செய்யும். பட்டறையில் இதை 'பேக் பிரஷர்' என்பார்கள்.

கீழே உள்ளது மாருதி 800, ஆம்னி, எஸ்டீம், பெட்ரோல் அம்பாசிடர் மாதிரியான வண்டிகளை மனதில் வைத்து எழுதியது. டீசல் ஜீப்புக்கு ஆயில் பகுதி பெரும்பாலும் பொருந்தும், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அழுத்தும் அளவு) எண்கள் பொருந்தாது.

முதலில் இன்ஜின் மேல் பழி போடாதீர்கள்

நான்கு சக்கரத்தையும் ஒவ்வொன்றாக ஜாக்கியில் தூக்கி, நியூட்ரலில் கையால் சுற்றிப் பாருங்கள். இன்ஜின் வேலைக்காக வண்டி ஒரு மாதம், இரண்டு மாதம் பட்டறையில் நின்றிருக்கும், அந்த நேரத்தில் பிரேக் பிடித்துக்கொள்வது சர்வ சாதாரணம். அடுத்து கிளட்ச்: மேட்டில் மூன்றாம் கியரில் மிதித்தால் இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. இந்த இடத்தை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பின்பக்க கிராங்க் சீலிலிருந்து வரும் ஆயில் கிளட்ச் பிளேட்டில் பட்டும் வழுக்கலாம்.

இன்னொன்று, மலையில் ஓட்டுகிறவர்கள் மறந்துவிடுவது. கம்பத்தைவிடக் குமுளி ஏறக்குறைய 500 மீட்டர் உயரம். மேலே காற்று மெலிவதால் நல்ல இன்ஜினுக்கே நூற்றுக்கு ஐந்து பங்கு போல சக்தி குறையும், கார்பரேட்டர் வண்டியாக இருந்தால் கலவை கொஞ்சம் ரிச்சாகவும் ஆகும். கொஞ்சம் மந்தம் என்றால் அது மலையின் குணம். இரண்டாம் கியரிலேயே திணறினால் அது இன்ஜினின் குணம்.

பிறகு, கட்டினவர் கை பட்ட இடங்களைக் கண்ணால் ஒரு சுற்று பாருங்கள். ஏர் ஃபில்டர் குழாயை மாட்டினார்களா, வேகுவம் ஹோஸ் ஏதாவது சும்மா தொங்குகிறதா, ஆக்ஸிலரேட்டர் கேபிள் முழுதும் மிதித்தால் த்ராட்டில் முழுதும் திறக்கிறதா (ஒருவர் மிதிக்க ஒருவர் பார்க்க வேண்டும்), இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில் போகும் எர்த் ஒயர் திரும்ப மாட்டப்பட்டிருக்கிறதா. கடைசியில் சொன்னதுதான் அதிகம் விட்டுப்போவது. எர்த் சரியில்லாவிட்டால் எம்பிஎஃப்ஐ (கார்பரேட்டர் இல்லாமல் கம்ப்யூட்டர் பெட்ரோல் தெளிக்கும்) வண்டியில் சென்சார்கள் கண்டபடி உளறும், ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றும், நீங்கள் ஊரெல்லாம் தேடிக்கொண்டிருப்பீர்கள். மூன்று சிலிண்டர் மாருதியில் ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் பொறி வாங்கும் வரிசை) 1-3-2, நான்கு சிலிண்டர் வண்டிகளில் பெரும்பாலும் 1-3-4-2. இரண்டு பிளக் ஒயர் மாறியிருந்தால் வண்டி ஸ்டார்ட் ஆனாலும் ஆகும், இழுக்காது.

ஆயில் அளவையும் இப்போதே பாருங்கள். இன்ஜின் வேலையில் டிப்ஸ்டிக் மாறிப்போவது, ஃபில்டருக்கும் சேர்த்து ஊற்றுகிறேன் என்று கூடுதலாக ஊற்றிவிடுவது எல்லாம் நடக்கும். அளவு மேல்கோட்டைத் தாண்டினால் கிராங்க் அதை அடித்து நுரையாக்கும், ஒழுகாத இடத்திலும் ஒழுகும்.

கழுவாமல் ஒழுகலைத் தேடாதீர்கள்

ஆயில் கீழே இறங்கும், ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் சொட்டு விழும் இடத்துக்கும் ஒழுகும் இடத்துக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இருக்காது. இன்ஜின் ஆறின பிறகு மண்ணெண்ணெய் அல்லது டீசலைப் பிரஷ்ஷால் தேய்த்து, மேலிருந்து சேம்பர் (அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) வரை கழுவி, துடைத்து, நன்றாகக் காய விடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்னேட்டர் மேல் பாலித்தீன் கட்டிக்கொள்ளுங்கள். அப்புறம் முகத்துக்குப் போடும் பவுடரை சந்தேகமான இடங்களில் எல்லாம் தூவுங்கள். வண்டியைப் பத்து நிமிடம் நின்ற இடத்தில் ஓட விட்டு டார்ச் அடித்துப் பாருங்கள், பிறகு ஒரு சின்ன ஓட்டம் போய்விட்டு மறுபடி பாருங்கள். பவுடர் நனைந்த இடங்களில் எது மிக உயரத்திலும் மிக முன்னாலும் இருக்கிறதோ அதுதான் உங்கள் ஆள். ஜூன், ஜூலையில் மேலே சாரல் பிடித்துக்கொண்டால் இதைச் செய்யாதீர்கள், சாலைத் தண்ணீர் அடித்து எல்லாத் தடயத்தையும் அழித்துவிடும். கம்பம் பக்கம் காய்ந்த நாளில் செய்யுங்கள்.

எங்கெங்கே பார்ப்பது? இன்ஜின் உச்சியில் வால்வுகளை மூடியிருக்கும் டேப்பெட் கவரில் ஆரம்பியுங்கள். அதன் பின்மூலையில் ஒழுகும் ஆயில், சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டின் முதுகு வழியாக இறங்கி, கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் போய்ச் சொட்டும். பார்க்கிறவர் "கிராங்க் பேக் சீல் போயிடுச்சு, கியர்பாக்ஸ் இறக்கணும்" என்று சொல்லிவிடுவார். ஒரு ரப்பர் கேஸ்கெட்டோடு முடிய வேண்டிய செலவு அங்கே எங்கேயோ போய்விடுகிறது. அதனால் கியர்பாக்ஸ் இறக்கும் பேச்சு வந்தாலே முதலில் ஹெட்டின் பின்பக்கத்தைக் கையை விட்டுத் தடவிப் பாருங்கள், அங்கே காய்ந்திருந்தால் மட்டும் அந்தப் பேச்சைத் தொடரலாம்.

ஆயில் ஃபில்டரில் பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புது ஃபில்டரை ஏற்றிவிடுவது உண்டு. அப்படியானால் சொட்டாது, ஊற்றும். ஆயில் பிரஷர் சுவிட்ச், டிஸ்ட்ரிபியூட்டர் அடியில் இருக்கும் ஓ-ரிங், கேம் சீல், முன்பக்க கிராங்க் சீல், டிரெயின் போல்ட் வாஷர் இவை ஒவ்வொன்றும் டார்ச் வெளிச்சத்திலேயே தெரியும். டைமிங் பெல்ட் இருக்கும் வண்டியில் பெல்ட் கவருக்குள் ஆயில் ஈரம் தெரிந்தால் மட்டும் தள்ளிப் போடாதீர்கள், ஆயில் பட்ட பெல்ட் சீக்கிரம் பிய்ந்துவிடும்.

சேம்பர் கேஸ்கெட் தனிக் கதை. ஒழுகினால் போல்ட்டை இன்னும் முறுக்குவது எல்லோருக்கும் வரும் ஆசை. அந்தச் சின்ன போல்ட்டுகளுக்குப் பத்து நியூட்டன் மீட்டர் போலத்தான் தேவை. அதிகம் முறுக்கினால் தகடு போல்ட் ஓட்டையைச் சுற்றி உள்ளே வளைந்து, இரண்டு போல்ட்டுக்கு நடுவில் இடைவெளி விட்டுவிடும். கழற்றி, தகட்டைச் சமமான இரும்பின் மேல் வைத்துத் தட்டி நேராக்கின பிறகுதான் புது கேஸ்கெட். இன்னொரு பழக்கம், பற்பசை பிதுக்குவது போல ஆர்டிவி சிலிக்கான் என்ற ஒட்டும் பசையைப் போடுவது. வெளியே பிதுங்கி நிற்பது உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது, அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். அது பிய்ந்து ஆயில் பம்பின் வலையில் போய் அடைத்தால் ஆயில் பிரஷர் விழும், புதுசாகப் போட்ட பேரிங் எல்லாம் வீண். மெல்லிசாக ஒரு கோடு போதும், போட்டபிறகு ஒரு நாள் காய வேண்டும். மதியம் ஒட்டி சாயங்காலம் ஆயில் ஊற்றினால் ஒழுகாமல் என்ன செய்யும்.

பின்பக்கம் எல்லாம் காய்ந்திருந்தும் கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் அடியிலிருந்து சொட்டுகிறதென்றால், விரலில் தொட்டு மோந்து பாருங்கள். கியர் ஆயிலுக்குக் கந்தக வாடை தூக்கலாக இருக்கும், பிசுபிசுப்பும் அதிகம். அது இன்ஜின் ஆயில்தான் என்றால் பேக் சீல். ஆனால் அதை மாற்ற இறங்குவதற்கு முன் அடுத்த பகுதியைச் செய்யுங்கள்.

பேக் பிரஷர் சோதனை

இன்ஜின் சூடாக, ஐடிலில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, ஓட்டையின் மேல் ஒரு தாளை வையுங்கள். பிசிவி வால்வு (கிராங்க் பக்கத்து வாயுவை இன்டேக்குக்கு விடும் வால்வு) வேலை செய்யும் நல்ல இன்ஜினில் தாள் லேசாக உள்ளே இழுபடும், அல்லது சும்மா நடுங்கும். புசுபுசுவென்று புகையோடு தாளைத் தள்ளினால் உள்ளே அழுத்தம் சேருகிறது.

சேருவதற்கு இரண்டே வழி. வெளியேற வேண்டிய பாதை அடைத்திருக்க வேண்டும், அல்லது அளவுக்கு மீறி உள்ளே இறங்க வேண்டும். மலிவானதை முதலில் பாருங்கள். பிசிவி வால்வைக் கழற்றி ஆட்டினால் உள்ளே கடகடவென்று சத்தம் வர வேண்டும். இன்ஜின் ஓடும்போது அது இன்டேக்கில் சேரும் குழாயில் விரலை வைத்தால் உள்ளே இழுக்க வேண்டும். வாயு வெளியேறும் பிரீதர் குழாய்க்குள் ஊதிப் பாருங்கள். டேப்பெட் கவருக்குள் இருக்கும் தகட்டுப் பகுதியைப் பெரும்பாலும் யாரும் சுத்தம் செய்வதில்லை, பழைய இன்ஜினின் கரிச்சேறு அங்கே அப்படியே இருக்கும். இதைச் சரி செய்ததும் பாதி ஒழுகல்கள் தானாக நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

பாதை சுத்தம், இன்னும் தள்ளுகிறது என்றால் ரிங். ஆனால் கட்டி முதல் 500 முதல் 1000 கிலோமீட்டருக்குள் கொஞ்சம் தள்ளுவது இயல்பு, ரிங் இன்னும் போருக்கு (சிலிண்டரின் உள்சுவர்) பழகியிருக்காது. அந்த நேரத்தில் பயந்து பிரித்துவிடாதீர்கள்.

கம்ப்ரஷன்: ஒரு எண் போதாது

இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். எல்லா பிளக்கையும் கழற்றி, காயிலையும் பெட்ரோல் பம்பையும் துண்டித்துவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு சுற்று ஸ்டார்ட்டர் அடித்து கேஜ் எண்ணை எழுதுங்கள். ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எடுத்த எண்ணை வைத்துக்கொண்டு "மூணு சிலிண்டரும் போச்சு" என்று சண்டைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். சாதாரண பெட்ரோல் இன்ஜினில் 150 முதல் 190 பிஎஸ்ஐ வரை வரும், உங்கள் வண்டியின் சரியான எண் மேனுவலில் இருக்கும். அதைவிட முக்கியம், சிலிண்டர்களுக்கு நடுவில் நூற்றுக்குப் பத்து பதினைந்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

குறைவாக இருக்கும் சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அடியுங்கள். எண் சட்டென்று ஏறினால் ரிங், ஏறவில்லை என்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்திருந்தால் அவற்றின் நடுவே கேஸ்கெட் விட்டிருக்கிறது. எல்லாமே ஒரே அளவாகக் குறைந்திருந்தால் ரிங்கை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள், கேம் டைமிங் (வால்வுகள் திறந்து மூடும் நேரம்) ஒரு பல் தள்ளியிருந்தாலும் இப்படித்தான் காட்டும்.

பட்டறையில் கம்ப்ரசர் இருந்தால் லீக் டெஸ்ட் இன்னும் நேரடியானது. கியரைப் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, சோதிக்கும் சிலிண்டரை இரண்டு வால்வும் மூடி பிஸ்டன் உச்சியில் நிற்கும் டாப் சென்டரில் நிறுத்தி, பிளக் ஓட்டை வழியாகக் காற்றை விட்டுக் காது கொடுங்கள். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. கார்பரேட்டர் வாயில் சீறினால் இன்டேக் வால்வு. ஆயில் மூடியில் என்றால் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட் அல்லது ஹெட் விரிசல். காற்று நூற்றுக்குப் பத்துக்குள் கசிந்தால் நல்ல இன்ஜின், இருபதைத் தாண்டினால் ஏதோ ஒன்று சரியில்லை.

வால்வு என்று காட்டினால் உடனே ஹெட்டைக் கழற்ற வேண்டாம், டேப்பெட் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து அளந்து பாருங்கள். புதுசாக கிரைண்ட் செய்த வால்வு சீட்டில் உட்கார உட்கார இடைவெளி குறையும், சூட்டில் முழுசாக மூடாமல் போகும். 1000 கிலோமீட்டருக்குள் ஒருமுறை டேப்பெட் செட் செய்யாத ஹெட் வேலை முடியாத வேலை என்றுதான் நான் சொல்வேன்.

கம்ப்ரஷன் நன்றாக இருந்தும் இழுக்கவில்லை

அப்போது டைமிங். கிராங்க்கை ஸ்பேனர் வைத்துக் கையால் முழுசாக இரண்டு சுற்று சுற்றி, கிராங்க் குறியும் கேம் குறியும் மறுபடி ஒரே நேரத்தில் சேருகிறதா என்று பாருங்கள். பெல்ட் மாட்டும்போது சரியாக இருந்தது, டென்ஷனர் இறுகும்போது ஒரு பல் நகர்ந்திருக்கும். குறியை நம்புவதற்கும் எல்லை உண்டு: நடுவில் ரப்பர் உள்ள கிராங்க் புல்லியில் வெளிவளையம் வழுக்கியிருந்தால் குறியே பொய் சொல்லும், அதனால் முதல் சிலிண்டர் பிளக் ஓட்டையில் நீளக் குச்சி ஒன்றை விட்டு பிஸ்டன் உண்மையிலேயே உச்சியில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேம் சரி என்றால் இக்னிஷன். டைமிங் லைட் வைத்து, மேனுவலில் சொன்னபடி வேகுவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டுச் சரிபாருங்கள். காதால் கேட்டு டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி வைப்பது சமதளத்தில் ஒப்பேறும். ஏற்றத்தில் டைமிங் முந்தியிருந்தால் டிக்டிக்கென்று நாக்கிங் வரும், பிந்தியிருந்தால் இழுவை போய் ஹீட் ஏறும். ஹெட்டை லேத்தில் அதிகம் ஃபேஸ் அடித்திருந்தாலும் கம்ப்ரஷன் கூடி ஏற்றத்தில் நாக்கிங் வரும், எவ்வளவு எடுத்தார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்டேக்கில் இன்ஜின் இழுக்கும் இழுப்பை அளக்கும் வேகுவம் கேஜ் மலிவான கருவி, ஆனால் நம் பக்கத்துப் பட்டறைகளில் அதிகம் பார்க்க முடிவதில்லை. கடல் மட்டத்தில் ஐடிலில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) வரை முள் ஆடாமல் நிற்கும், ஒவ்வொரு ஆயிரம் அடி உயரத்துக்கும் ஓர் அங்குலம் கழித்துக்கொள்ளுங்கள். குமுளியில் நின்று பார்த்தால் மூன்று அங்குலம் குறைவாகக் காட்டுவது குற்றமில்லை. ஆடாமல் ஆனால் மிகவும் தாழ்ந்து நின்றால் டைமிங் பிந்தியிருக்கிறது அல்லது இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் காற்று இழுக்கிறது. ஒரே தாளத்தில் வெட்டி வெட்டி விழுந்தால் ஒரு வால்வில் கோளாறு. 2500 சுற்றில் பிடித்து வைத்திருக்கும்போது மெல்ல மெல்ல இறங்கினால் சைலன்சர் அடைப்பு.

மிஸ்ஸிங் (ஏதோ ஒரு சிலிண்டர் விட்டு விட்டு எரிவது) குமுளியில் பனி இறங்கும் இரவில் மட்டும் வருகிறது, கீழே வந்தால் போய்விடுகிறது என்றால், இருட்டில் பானெட்டைத் திறந்து பிளக் ஒயர்கள் மேல் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். எதையும் தொடாதீர்கள். நீலப்பொறி ஓடும் ஒயரும் கேப்பும் உங்களுக்கே தெரியும்.

இறக்கம் சொல்லும் சேதி

ஏறும்போது மிதிக்க மிதிக்க நீலப்புகை என்றால் ரிங். இறக்கத்தில் இரண்டாம் கியரில் ஆக்ஸிலரேட்டரை விட்டபடி நீண்ட தூரம் இறங்கி, லோயர் கேம்ப் வந்ததும் மிதிக்கும்போது குப்பென்று ஒரு நீலப்புகை விட்டு நின்றுவிட்டால் வால்வு சீல் அல்லது கைடு (வால்வுத் தண்டு ஓடும் குழல்). இதற்கு நம் மலையைவிட நல்ல சோதனைச்சாலை கிடையாது. பின்னால் வரும் வண்டியில் தெரிந்தவர் ஒருவரை உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், கண்ணாடியில் சரியாகத் தெரியாது. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், இனிப்பு வாடையும் அடித்து, கூலன்ட் குறைந்துகொண்டே வந்தால் வண்டியை நிறுத்திவிடுங்கள்.

ரிங் செட் ஆகவில்லை என்றால்

புது ரிங் பழக வேண்டுமானால் சுமை வேண்டும். நிறுத்தி வைத்து மணிக்கணக்கில் ஐடிலில் ஓட விடுவது போரைக் கண்ணாடியாக்கிவிடும், அப்புறம் ரிங் உட்காரவே உட்காராது. அதற்காக முதல் நாளே ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிக்கொண்டு மலை ஏறுவதும் தவறு. சின்னமனூர், உத்தமபாளையம் பக்கம் சாலை காலியாக இருக்கும் நேரத்தில் மூன்றாம் கியரில் 40-லிருந்து 60 வரை நன்றாக மிதித்து ஏற்றி, காலை எடுத்து 40-க்கு இறங்க விட்டு, இதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். சாதாரண மினரல் ஆயில், மேனுவல் சொன்ன கிரேடில். சிந்தெடிக் இப்போதைக்கு வேண்டாம். 500-ல் ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள், 1000-ல் கம்ப்ரஷன் மறுபடி எடுங்கள். முதல் எண்ணிலிருந்து ஏறியிருந்தால் விட்டுவிடுங்கள், தானாகச் சரியாகும்.

ஏறவில்லை, தாள் இன்னும் பறக்கிறது, ஆயிலும் குறைகிறது என்றால் பிரிக்கத்தான் வேண்டும். அப்போது மெக்கானிக்கிடம் "இழுக்கலண்ணே" என்று மட்டும் சொல்லாமல் எழுதி வைத்த எண்களைக் கொடுங்கள். பிரிக்கும்போது கூடவே நில்லுங்கள். ரிங்கின் மேல்பக்கக் குறி மேலே பார்த்து இருக்கிறதா (இரண்டாவது ரிங் தலைகீழாக இருந்தால் ஆயிலை மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும்), ரிங் வாய்கள் (ரிங்கில் இருக்கும் வெட்டு இடைவெளி) ஒரே நேர்கோட்டில் வந்துவிடாமல் தள்ளித் தள்ளி இருக்கின்றனவா, போரில் ஹோனிங் கோடுகள் (தேய்த்து விட்ட மெல்லிய கீறல்கள்) குறுக்கும் நெடுக்குமாகத் தெரிகின்றனவா அல்லது பளபளவென்று இருக்கிறதா, ஓவர்சைஸ் பிஸ்டனுக்கு அதே சைஸ் ரிங்தானா என்று பாருங்கள். கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே பேக் சீலையும் பாருங்கள்: ஸ்பிரிங் உள்ள பக்கம் ஆயிலைப் பார்த்து இருக்க வேண்டும். கிராங்க்கில் பழைய சீல் அரித்த பள்ளம் நகத்தில் தட்டுப்பட்டால், புது சீலை ஒரு மில்லிமீட்டர் போல முன்னாலோ பின்னாலோ தள்ளி, பள்ளத்தில் படாமல் அடிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் மாற்றின சீலும் அதே இடத்தில் ஒழுகும்.